அந்த 35,000 ரூபாய் எங்க போச்சு?

எங்கட போர்டிங்கில ஒருத்தி போன செமஸ்டர் ஒன்லைனில லப்டொப் வாங்கினாள். கடையில் 185,000 ரூபாய் சொன்ன அதே மொடல், 150,000க்கு. "புத்தம் புதுசு, ஒரு வருஷ வொரண்டி" என்று போட்டிருந்தது. விற்றவர் வட்ஸ்அப்புக்கு வரச்சொல்லி, தளத்தினூடாக வாங்காமல் நேரே வங்கிக் கணக்கில் போட்டால்தான் இந்த விலை என்றார். போட்டாள்.

மூன்றாவது கிழமையே பற்றரி அரை மணித்தியாலம் நிற்கவில்லை. திருத்துகிற அண்ணா கழற்றிப் பார்த்துவிட்டு, "இது ஏற்கெனவே பாவிச்ச சாமான் தங்கச்சி" என்றார். விற்றவரின் நம்பர் வேலை செய்யவில்லை. தளத்திடம் கேட்டால், "எங்களூடாக நீங்கள் காசு கட்டவில்லையே" என்று பதில்.

இதைக் கேட்டவுடன் "பேராசை" என்று சொல்லிவிடுவது லேசு. நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம். 2022இல் ரூபாய் விழுந்தபோது ஏறிய லப்டொப் விலை பழைய இடத்துக்கு இறங்கவேயில்லை. 2025 பட்ஜெட்டில் கூட்டியபோதும் மகாபொல மாதம் 7,500 ரூபாயாகத்தான் ஆனது. அந்தக் கணக்கில் ஒரு சதமும் செலவழிக்காமல் இருபது மாதம் சேர்த்தால்தான் அந்த 150,000. அசைன்மென்டோ லப்டொப் இல்லாமல் நடக்காது. 35,000 குறைகிறது என்றால் யாருக்குத்தான் மனம் போகாது?

ஆனால் அந்த 35,000 கழிவு இல்லை என்பதுதான் எங்கட வாதம். பில், ஏஜென்டின் வொரண்டி, பிழைத்தால் போய் நின்று கேட்க ஒரு கடைவாசல், இவ்வளவுக்கும் சேர்த்துத்தான் கடைக்காரன் 185,000 கேட்கிறான். ஒன்லைன்காரர் அதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தை எங்களுக்கு விற்றார். "செல்லர் வொரண்டி" என்பது அந்த ஆள் போனை எடுக்கும்வரைக்கும் மட்டும்தான். எடுக்காவிட்டால் அது வெறும் வார்த்தை.

ஆகவே விலையைக் கேட்கமுதல் மூன்று கேள்வி கேட்போம். சீரியல் நம்பர் எழுதின பில் தருவீங்களா? வொரண்டி யாருடையது, கொம்பனியுடையதா உங்களுடையதா? காசு கட்டமுதல் பெட்டியைத் திறந்து பார்க்கலாமா? ஒன்றுக்காவது மழுப்பினால் விட்டுவிடுவோம். போன் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. ஐஎம்ஈஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் 1909க்கு எஸ்எம்எஸ் பண்ணினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று தெரிந்துவிடும்.

ஏமாந்த பிறகும் வழி இருக்கு. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். அதற்குத்தான் பில்லும், சற்றும், வங்கி ரிசீற்றும் கையில் இருக்கவேணும்.

எங்கட தோழியிடம் பில் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. ஆனால் "கம்பஸ் படிக்கிற பிள்ளை ஏமாந்திட்டுதாம்" என்ற கதைக்குப் பயந்து நாலு மாதம் எங்களுக்கே சொல்லவில்லை. சொன்னபோது மூன்று மாதம் தாண்டியிருந்தது.

விற்றவர் இன்னொரு பெயரில் இன்றைக்கும் விளம்பரம் போடுகிறாராம். அவருக்கு இல்லாத வெட்கம் எங்களுக்கு என்னத்துக்கு? ஏமாந்தால் அண்டைக்கே சொல்லுங்கோ.