கல்லூரி மலரில் மாணவர் எங்கே?

ஆண்டுதோறும் நம் கல்லூரிகள் மலர் வெளியிடுகின்றன. வழவழப்பான தாள், முதற்பக்கங்களில் வாழ்த்துச் செய்திகள், அடுத்துக் குழுப் படங்கள், பரிசுப் பட்டியல், ஆண்டறிக்கை. இடையிடையே தாய்மை, நட்பு, மழை பற்றிச் சில கவிதைகள். விடுதி உணவைப் பற்றியோ, உயரும் கட்டணத்தைப் பற்றியோ, நூலகம் மாலையிலேயே பூட்டப்படுவதைப் பற்றியோ ஒரு வரி கிடைப்பது அரிது. மாணவரின் பெயரால் அச்சாகும் இதழில் மாணவர் வாழ்வுக்கு இடமில்லை. இதற்கு ஒழுக்கம் என்று பெயர் சூட்டியிருக்கிறோம். உண்மையில் இது நிர்வாகத்தின் அச்சம்.

நம் பகுதி அஞ்சி வாழ்ந்த பகுதியன்று. கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர் கரையேறிய ஊர் திருப்பாதிரிப்புலியூர் என்பது மரபு. அதன் தெற்கே சிதம்பரத்தில், 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மாணவர் இராசேந்திரன், 1965 சனவரி 27 அன்று இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டத்தில் காவல்துறையின் குண்டுக்கு இரையானார். அவருக்கு அங்கே சிலை உண்டு. மறைந்த மாணவருக்கு மாலை சூட்டும் சமூகம், உயிரோடிருக்கும் மாணவர் ஒரு பத்தி எழுதினால் முகம் சுளிப்பது முறையா?

"எழுதவிட்டால் அவதூறும் சாதிப் பகையும் பெருகும்" என்பார் உளர். இக்கவலையை நாம் இகழவில்லை. ஆனால், பெயரிட்டு எழுத வழியில்லாத இடத்தில்தானே அவதூறு சுவர்க் கிறுக்கலாகவும், கைப்பேசியில் சுற்றும் மொட்டைச் செய்தியாகவும் வளர்கிறது? 2015 மே மாதத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. அவ்வட்டத்தார் தம் பெயரில் துண்டறிக்கை வெளியிட்டவர்கள். அவர்கள்மீது மத்திய அமைச்சகத்துக்குச் சென்ற புகாரோ பெயரில்லாதது! நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபின், ஜூன் மாதத்தில் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. முகங்காட்டி எழுதியவர் தண்டனை பெற, முகம் மறைத்தவர் சொல் ஏற்கப்பட்டது. இதைக் கண்ட மாணவர் அடுத்த முறை எவ்வழியைத் தேர்வார்?

கல்லூரிகள் பலவற்றை நடத்தும் கத்தோலிக்கச் சமூகத்துக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, ஆய்வதற்கும் சிந்திப்பதற்கும், தாழ்ச்சியோடும் துணிவோடும் கருத்துரைப்பதற்கும் பொதுநிலையினர்க்கும் உரிமை உண்டெனக் கற்பித்தது. திருச்சபைக்குள் நாம் பெற்ற இவ்வுரிமையை, நம் கல்லூரிகளில் பயிலும் எல்லாச் சமயப் பிள்ளைகளுக்கும் மறுப்பது எவ்வாறு பொருந்தும்?

நாம் வேண்டுவது பெரிதன்று. மாணவரே ஆசிரியர் குழுவாக இருந்து நடத்தும் ஓர் இதழ்; கையெழுத்து இதழானாலும் போதும். ஒவ்வொரு கட்டுரையின் கீழும் எழுதியவர் பெயர் இருக்கட்டும். குறைகூறப்பட்டவர் மறுமொழி சொல்ல அதே அளவு இடம் தரப்படட்டும். வழிகாட்ட ஒரு பேராசிரியர் இருக்கட்டும். வெட்டும் அதிகாரம் அவருக்கு வேண்டாம்.

பிள்ளைகளைச் சேர்க்கும் நாளில் தேர்ச்சி விழுக்காட்டையும் விடுதி வசதியையும் கேட்டறியும் பெற்றோரே, "இங்கு மாணவர் எழுதும் இதழ் உண்டா?" என்றும் கேளுங்கள். இதுவரை கேட்பாரில்லாததால்தான் அது இல்லாமற் போயிற்று.