கூத்துக் கலைஞருக்கு மழைக்கால வேலை



அரசின் இயல் இசை நாடக மன்றம் நலிந்த மூத்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை தருகிறது. கருவி, ஆடை அணிகலன் வாங்கவும் நிதி தருகிறது. நன்றியோடு ஏற்கிறோம். 2023-இல் சென்னை சங்கமம் கலைவிழாவை அரசு மீண்டும் தொடங்கியதும் நல்ல செய்தி.

ஆனால், முதுமை வந்து நலிந்த பிறகு தரும் உதவி கலையைக் காப்பாற்றாது. எங்கள் பகுதியில் கூத்துக் குழுக்களுக்குப் பங்குனியிலிருந்து ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இருக்கும். ஐப்பசி மழை தொடங்கினால் வருமானம் நின்றுவிடும். கிரீடமும் புஜக்கட்டையும் பரணுக்குப் போகும், ஆட்டக்காரர் கட்டட வேலைக்குப் போவார். 2020, 2021 கொரோனா ஊரடங்கில் பருவமே கைவிட்டுப் போனபோது பலர் திரும்பி வரவே இல்லை. கூத்தின் ஊதுகருவியான முகவீணையை வாசிக்க ஆள் கிடைப்பது இன்று அரிது. அதைக் கற்றுக்கொள்ள வருகிற பையனுக்கு எதை நம்பி வரச் சொல்வது?

கூத்து இல்லாத மழை மாதங்களில் அரசுப் பள்ளிகளில் கூத்துப் பயிற்சி நடத்தக் குழுக்களை அமர்த்துங்கள். ஊதியத்தை வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்துங்கள். வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்குத் தொகை ஒதுக்க வேண்டும்.

– ஒரு வாசகர், செய்யாறு