நட்சத்திரம் குற்றவாளி அல்ல

2025 பிப்ரவரியில் டாலஸ் மேவரிக்ஸ் அணி லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஆன்டனி டேவிஸை வாங்கிக்கொண்டது. முந்தைய சீசனில் ஆட்டத்துக்கு 33.9 புள்ளி எடுத்து, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவிலேயே முதலிடம் பிடித்தவர் டான்சிச், அணியை இறுதிச் சுற்றுவரை கொண்டுபோனவர், வயது 25தான். தற்காப்பு ஆட்டம்தான் கோப்பை வாங்கித் தரும் என்று காரணம் சொன்னார் பொது மேலாளர் நிக்கோ ஹாரிசன். அந்த சீசனில் டாலஸ் 39 ஆட்டங்களில் வென்று 43-இல் தோற்றது. பிளே-ஆஃப் சுற்றுக்கே வரவில்லை. நவம்பரில் ஹாரிசனின் வேலையும் போயிற்று.

ஆள் போனாலும், நட்சத்திரத்தைக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் போகவில்லை. பந்து ஒருவர் கையிலேயே இருந்தால் மற்ற நால்வரும் வேடிக்கைதான் பார்ப்பார்கள், பெரிய நட்சத்திரம் அணிக்குப் பாரம் என்று கூடைப்பந்து ரசிகர்களில் ஒரு சாரார் இன்றும் சொல்கிறார்கள். இந்த வாதத்தை நாம் ஏற்கவில்லை. அவர்கள் காட்டும் நோய் உண்மையானது. கைகாட்டும் ஆள்தான் தவறு.

அவர்களுடைய பெரிய சாட்சி வில்ட் சேம்பர்லின். 1961-62 சீசனில் ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸுக்காக அவர் ஆட்டத்துக்கு 50.4 புள்ளியும் 25.7 ரீபவுண்டும் எடுத்தார். ஓர் ஆட்டம் 48 நிமிடம். அவர் ஆடிய சராசரியோ 48.5 நிமிடம். கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டங்களையும் சேர்த்தால்தான் இந்தக் கணக்கு புரியும். அதாவது ஓய்வே கிடையாது. 1962 மார்ச் 2 அன்று ஹெர்ஷி நகரில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக அவர் 100 புள்ளி எடுத்த ஆட்டத்தைச் சாதனை என்று கொண்டாடுகிறோம். கடைசி நிமிடங்களில் நடந்தது சாதனையா, கூத்தா? வில்ட்டிடம் பந்து போகக் கூடாது என்று நிக்ஸ் ஆட்டக்காரர்கள் மற்ற வாரியர்ஸ் ஆட்டக்காரர்களை வேண்டுமென்றே ஃபவுல் செய்தார்கள். பந்தைத் திரும்ப வாங்கி வில்ட்டிடம் கொடுக்க, முன்னிலையில் இருந்த வாரியர்ஸும் பதிலுக்கு ஃபவுல் செய்தார்கள். முடிவு 169-147. வில்ட் மட்டும் 63 முறை கூடையை நோக்கி எறிந்திருந்தார்.

அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைக்கவில்லை. அப்போது வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்களே. அவர்கள் தேர்ந்தெடுத்தது, ஆட்டத்துக்கு 18.9 புள்ளி மட்டுமே எடுத்த பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரஸலை. கிழக்குப் பிரிவின் இறுதியில், ஏழாவது ஆட்டத்தில், இரண்டே புள்ளியில் பாஸ்டனிடம் வாரியர்ஸ் தோற்றது. மறு ஆண்டு அணி சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு இடம் மாறியது. வில்ட் 44.8 புள்ளி எடுத்தார். அணியோ 31 வெற்றி, 49 தோல்வி.

பாரம் என்று சொல்பவர்கள் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். மீதியையும் பார்க்க வேண்டும். 1966-67இல், அப்போது வில்ட் ஆடிக்கொண்டிருந்த ஃபிலடெல்ஃபியா செவன்டி-சிக்ஸர்ஸின் பயிற்சியாளராக வந்த அலெக்ஸ் ஹானம், வில்ட்டைக் குறைவாக எறியவும் அதிகமாகப் பந்தைக் கொடுக்கவும் வைத்தார். முந்தைய ஆண்டு ஆட்டத்துக்குச் சுமார் 25 முறை எறிந்தவர் 14 முறைதான் எறிந்தார். புள்ளி 24.1 ஆனது, அசிஸ்ட் 7.8 ஆனது. அணி 81 ஆட்டங்களில் 68-ஐ வென்று, எட்டு ஆண்டுகளாகக் கோப்பையை விடாமல் வைத்திருந்த பாஸ்டனை வழியிலேயே வீழ்த்திச் சாம்பியன் ஆனது. பார்த்தீர்களா, அடக்கினால்தான் வெற்றி என்பார்கள். அடக்கவே இல்லை என்பது நம் பதில். எறிந்ததில் 68 விழுக்காடு கூடைக்குள் விழுந்தது. எதிரணி அப்போதும் இரண்டு பேரை அவர் மேல் நிறுத்த வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில்தான் ஹால் கிரீரும் செட் வாக்கரும் பில்லி கன்னிங்ஹாமும் ஆடினார்கள். அவருடைய ஆதிக்கம் அப்படியே இருந்தது; அதைக்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்க இப்போது ஓர் ஆள் இருந்தார்.

அடுத்த ஆண்டே இதன் மறுபக்கமும் தெரிந்தது. 1967-68இல் மொத்த அசிஸ்ட்டில் லீக்கின் முதல்வர் வில்ட்தான். மையத்தில் ஆடும் ஒருவருக்கு இது விசித்திரமான பெருமை. அவருக்கு அதில் கர்வமும் உண்டு. பாஸ்டனுக்கு எதிராக 3-1 என்று முன்னால் இருந்த அணி தொடரைக் கோட்டைவிட்டது. ஏழாவது ஆட்டத்தின் இரண்டாம் பாதி முழுக்க அவர் எறிந்தது இரண்டே முறை. 96-100 எனத் தோற்றார்கள். நட்சத்திரம் ஒதுங்கிக்கொண்டால் அணி செழிக்கும் என்பவர்கள் அந்த இரண்டாம் பாதிக்கு என்ன விளக்கம் சொல்வார்கள்?

மைக்கேல் ஜோர்டான் கதை எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லலாம். 1986-87இல் 37.1 புள்ளி, சிகாகோ 40 வெற்றி, 42 தோல்வி, முதல் சுற்றிலேயே 0-3. பிறகு ஸ்காட்டி பிப்பன், ஹொரேஸ் கிரான்ட், பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன், டெக்ஸ் வின்டரின் முக்கோண ஆட்டமுறை எல்லாம் வந்தன. ஆறு கோப்பைகள். அந்த ஆறு சீசனிலும் லீக்கில் அதிகப் புள்ளி எடுத்தவர் அவரே. அவர் இல்லாத 1993-94இல் சிகாகோ 55 ஆட்டங்களை வென்றதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் நல்ல சீட்டும் அதுவே. ஆனால் அந்த 55 வெற்றி, அவரைச் சுற்றி எவ்வளவு நன்றாக ஓர் அணியைக் கட்டியிருந்தார்கள் என்பதற்குத்தான் சான்று. அந்த அணி இரண்டாம் சுற்றோடு நின்றது. முழு சீசனுக்கு அவர் திரும்பிய 1995-96இல் 72 வெற்றியும் கோப்பையும் வந்தன.

தனியாக விடப்பட்ட நட்சத்திரத்துக்கும் சுற்றி அணி கட்டப்பட்ட நட்சத்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே நகரத்தில், ஒரே பொது மேலாளரின் கீழ் பார்க்க விரும்பினால் ஓக்லஹோமா சிட்டிக்குப் போகலாம். 2016-17இல் அங்கே ரஸல் வெஸ்ட்புரூக் ஆட்டத்துக்கு 31.6 புள்ளி, 10.7 ரீபவுண்ட், 10.4 அசிஸ்ட் எடுத்து சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். பிளே-ஆஃபில் ஹூஸ்டனுக்கு எதிரான இரண்டாம் ஆட்டத்தில் 51 புள்ளி எடுத்தார், கடைசிக் கால்பகுதியில் 18 முறை எறிந்து நான்கை மட்டும் போட்டார், அணி தோற்றது. தொடர் 1-4. அவர் பெஞ்சில் உட்கார்ந்தபோதெல்லாம் அணி சரிந்தது. அவர் எறிந்தது அதிகம் என்று அன்று பலர் எழுதினார்கள். வேறு யார் எறிவது என்று கேட்டவர்கள் குறைவு. அணியை விட்டுப் போன கெவின் டுரான்ட்டின் இடம் காலியாகவே கிடந்தது.

அதே மேலாளர் சாம் பிரெஸ்டி 2019இல் பால் ஜார்ஜைக் கொடுத்து ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டரை வாங்கினார். கூடவே, புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வாய்ப்புகள் பலவற்றையும் வாங்கிக்கொண்டார். அவற்றில் ஒன்றுதான் பிறகு ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. 2024-25இல் ஷே 32.7 புள்ளியுடன் லீக்கின் முதல்வர். ஆடியது ஆட்டத்துக்குச் சுமார் 34 நிமிடம். அணிக்கு 68 வெற்றி. இந்தியானாவுக்கு எதிரான இறுதிச் சுற்று 2-2 என்று நின்றபோது, ஐந்தாவது ஆட்டத்தில் ஷே 31 புள்ளி எடுத்தார். ஜேலன் வில்லியம்ஸ் 40 எடுத்தார்.