பி.எம்.பி. எழுதப்போகும் பிள்ளைகளுக்கு உப்பளத்திலிருந்து நாலு வார்த்தை

கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸில் போகும்போது படியுங்கள்.

இந்த வருஷம் மட்டும் நம் பிள்ளைகள் மூன்று பேர் பி.எம்.பி. தேர்வு பற்றிக் கேட்டுவிட்டார்கள். ஒருத்தி சென்னையில் ஐ.டி. கம்பெனி, இரண்டு பேர் வளைகுடாவில் கட்டுமான வேலை. என் தங்கை மகனோ ஒருமுறை எழுதித் தவறி, வேலையும் போய், மறுபடி எழுதப் பணம் புரட்டிக்கொண்டிருக்கிறான். சேர்ந்த பயிற்சி மையம் எது என்று சொல்லப்போவதில்லை. அங்கே அவனுக்குக் கொடுத்தது கேள்வி பதில் கட்டு ஒன்று. மனப்பாடம் பண்ணினால் பாஸ் என்றார்களாம். அந்தக் கட்டை வாங்கிப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கணக்கு வாத்தியார். அந்தத் தேர்வை எழுதியவன் இல்லை. ஆனால் பையனுடைய புத்தகத்தை ஒரு மாதம் வைத்துப் படித்தேன். அதில் இருப்பதில் முக்கால்வாசி நம்ம மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவருக்குத் தெரிந்ததுதான். பெயர்தான் புதுசு. புரிந்து படிக்க வேண்டியதைப் பிள்ளைகளுக்கு உருப்போடச் சொல்லிக் கொடுப்பது அநியாயம் என்பது என் கட்சி.

முதல் பாடத்தையே எடுங்கள். ப்ராஜெக்ட் என்றால் என்ன? தொடக்கமும் முடிவும் உள்ளது, தனித்தன்மையான ஒன்றை உண்டாக்குவது. பொங்கல் கழிந்து பாத்தி கட்டி, வெயில் முடியும்வரை வருஷா வருஷம் உப்பு வாருகிறோமே, அது ப்ராஜெக்ட் இல்லை. அது ஆபரேஷன், அன்றாடத் தொழில். ஆனால் 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்த பிறகு, கரைந்து போன வரப்பையும் பாத்தியையும் திரும்ப எடுத்துக் கட்டினார்களே, அது ப்ராஜெக்ட். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் எப்படிச் சுற்றிக் கேட்டாலும் பதில் வரும்.

அடுத்தது கிரிட்டிகல் பாத். தங்கை மகன் தடுக்கி விழுந்தது இங்கேதான். 1957 வாக்கில் டூபாண்ட் கம்பெனிக்காக வகுத்த முறை இது. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று சங்கிலியாக நிற்கும் வேலைகளில் எந்தச் சங்கிலி நீளமோ, அதுதான் மொத்த நாளையும் தீர்மானிக்கிறது. கடல்தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரியில் உள்ளே வருகிறது. ஏறக்குறைய இருபத்தைந்து டிகிரிக்குக் காய்ந்து ஏறினால்தான் உப்புப் பூக்கும். அதற்கு முன்னால் கடைசிப் பாத்திக்குத் திறந்துவிட்டு என்ன பயன்? வரப்புப் போட நாலு ஆள் கூடுதலாக விடலாம், பாத்தி மிதிக்கப் பத்து ஆள் விடலாம். வெயிலுக்கு ஆள் விட முடியுமா? பணமும் ஆளும் போட்டு நாளைக் குறைப்பதைத்தான் க்ராஷிங் என்கிறார்கள். நீளமான சங்கிலியில் இல்லாத வேலையில் பணம் கொட்டினால் ஒரு நாள்கூட மிச்சமாகாது. தேர்வில் திரும்பத் திரும்ப வைக்கும் பொறி இது. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் கடைசிப் பாத்தியைத் தயார் பண்ணுவது ஃபாஸ்ட் ட்ராக்கிங். நடுவில் ஒரு மழை வந்தால் தயார் பண்ணியதைத் திரும்பப் பண்ண வேண்டியதுதான். அதனால்தான் அதில் ரிஸ்க் கூடுதல் என்று புத்தகம் சொல்கிறது.

ரிஸ்க் என்றதும் ஒன்று. நடக்கலாம் என்பது ரிஸ்க், நடந்துவிட்டால் அது இஷ்யூ. ஐப்பசி கார்த்திகையில் பாத்தியில் இறங்காமல் இருப்பது தவிர்த்தல். உப்புக் குவியலைக் கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடுவது தணித்தல். இன்சூரன்ஸ் போட்டால் கைமாற்றுதல். கோடைமழை பெய்தால் பெய்யட்டும் என்று இருப்பது ஏற்றல். நாலு சொல், ஒரு உப்பளம்.

எர்ன்டு வேல்யூ என்றால் பலருக்கும் கை நடுங்குகிறது. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். பத்துப் பாத்தி, பத்து நாள், ஒரு பாத்திக்கு 5,000 ரூபாய், மொத்தம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். நாலாம் நாள் மாலை போய்ப் பார்த்தால் மூன்று பாத்திதான் முடிந்திருக்கிறது, செலவு 18,000. திட்டப்படி முடிந்திருக்க வேண்டியது 20,000 ரூபாய் வேலை. உண்மையில் முடிந்தது 15,000 ரூபாய் வேலை. 15,000ஐ 20,000ஆல் வகுத்தால் 0.75, வேலை பின்தங்கியிருக்கிறது. 15,000ஐ 18,000ஆல் வகுத்தால் 0.83, செலவு மீறியிருக்கிறது. இதே போக்கில் போனால் 50,000 வேலை 60,000இல் முடியும். முடிந்தது எவ்வளவு என்று கேட்காமல் செலவை மட்டும் கேட்கிற முதலாளி, 18,000 தானே ஆகியிருக்கிறது, 2,000 மிச்சம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்!

இப்போது பாம்பன் கதை. 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் கர்டர்கள் நூற்றுக்கு மேல் கடலில் போயின. ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பில் இருந்த இளம் பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். பின்னால் கொங்கன் ரயிலும் டில்லி மெட்ரோவும் கட்டியவர் அவர்தான். இந்தக் கதையை எல்லா மேடையிலும் வேகத்துக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புது கர்டர் வெளியிலிருந்து வரவேண்டும் என்று இருந்தவரை நாளைக் குறைக்க வழியே இல்லை. கடலில் விழுந்தவை கிடக்கும் இடத்தை அங்குள்ள மீனவர்கள் சொன்னார்கள், எடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். நீளமான சங்கிலியே அங்கே அறுந்துவிட்டது. ஸ்டேக்ஹோல்டரிடம் பேசு என்று புத்தகம் சொல்வதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? தனுஷ்கோடிப் பாதையைத் திரும்பப் போடவில்லை என்பதையும் கவனியுங்கள். எதைச் செய்யமாட்டோம் என்பதும் ஸ்கோப்தான்.

நம் கூனிமேட்டிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டம் என்று பேசுகிறார்கள். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தண்ணீர் யாருக்கு, வலை இழுக்கிறவருக்கு என்ன ஆகும், உப்புக்கரைசல் எங்கே போகும், யாரை முதலில் பார்த்துப் பேசுவாய்? இந்தப் பயிற்சி அந்தக் கட்டில் இல்லை.

தேர்வும் மாறிவிட்டது. 2021 ஜனவரியில் கொண்டுவந்த முறையில் 180 கேள்வி, 230 நிமிடம் என்று வைத்தார்கள். அதில் மக்களைப் பற்றி 42 சதவீதம், செயல்முறை 50, வணிகச் சூழல் 8 என்று இருந்தது. கேள்விகளில் பாதிக்கு அஜைல் வாடை இருந்தது. பெரும்பாலும் 'இப்படி நடந்துவிட்டது, முதலில் என்ன செய்வாய்' என்ற ரகம். பழைய ஆறாம் பதிப்பின் 49 ப்ராசஸை ஒப்பிப்பவனுக்கு இது கைகொடுக்காது. 2021இல் வந்த ஏழாம் பதிப்பே அந்தப் பட்டியலை விட்டுவிட்டு 12 கோட்பாடுகளுக்குப் போய்விட்டது. கசிந்த கேள்வி என்று விற்பதைத் தொடவே தொடாதீர்கள். அந்த நிறுவனத்தின் நெறிமுறைக்கே விரோதம், மாட்டினால் சான்றிதழே போகும்.

சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாமல் பல இடங்களில் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், நம்புகிறேன். ஆனால் கடன் வாங்கிக் கட்டும் பணம் அது. ஒரு வருஷத்துக்குள் மூன்று முறைதான் எழுதவிடுவார்கள்.

தங்கை மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டுத் திண்ணையில் கணக்குப் பகுதி மட்டும் நடத்துகிறேன். அக்கம்பக்கம் இருக்கிறவர்கள் வரலாம், காசு வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் வாட்ஸாப்பில் கேளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீடியோ கால் மட்டும் வேண்டாம், உங்க டீச்சரம்மா திட்டுவாங்க.