இருபத்தோரு மில்லிமீட்டர்



பொம்மை இரயில் என்றவுடன், பண்டிகைக் காலத்தில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வட்டமிட்டுச் சுழலும் தகர வண்டியே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். இம்மாதம் நான் எழுத முற்படுவது அதைப் பற்றியன்று. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வளர்ந்த மனிதர்கள் பலர், வீட்டு மாடியறையிலோ தோட்டத்துக் கொட்டகையிலோ பலகையடித்து, அதன்மீது ஓர் இரயில் நிலையத்தை, ஒரு குறிப்பிட்ட ஆண்டில் அது இருந்தவாறே, சிற்றளவில் படைத்து வருகின்றனர். அவர்களுள்ளும், எல்லோரும் விரும்பும் நீராவி எஞ்சினை விடுத்து, அழகற்றதென ஒதுக்கப்பட்ட பழைய டீசல் எஞ்சினைத் தேடிச் செல்வோர் ஒரு தனி வகுப்பினர்.

அங்கே மிகவும் பரவிய அளவு 'டபிள் ஓ' எனப்படும். மெய்யான வண்டியில் 1 அடி இருப்பது மாதிரியில் 4 மில்லிமீட்டர் ஆகும். ஏறத்தாழ 76-இல் ஒரு பங்கு. 51 அடி நீளமுள்ள எஞ்சின் ஒரு சாண் அளவினதாகிவிடும். ஆயினும் ஓர் எஞ்சினும் ஆறு பெட்டிகளும் சேர்ந்தால் 5 அடிக்கு மேல் நீளும். ஆகவே நிலையம் ஒன்றை மட்டும் கண்ணுக்குக் காட்டுவர். அதற்கப்பாலுள்ள ஊர்கள் யாவும் ஒரு மறைப்புப் பலகையின் பின்னே கிடக்கும் நாலைந்து தண்டவாளங்களே. டப்ளினும் கார்க்கும் அங்கேதான் இருப்பதாக நாம் நம்பிக்கொள்ள வேண்டும்.

இனி எஞ்சினுக்கு வருவோம். 1955-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இரயில்வே, நீராவியைக் கைவிட்டு டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறுவதற்கான பெருந்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டில் அயர்லாந்தின் சி.ஐ.ஈ. நிறுவனம், மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனத்திடம் வாங்கிய எஞ்சின்களை ஓட்டத் தொடங்கிவிட்டது. 1,200 குதிரைத்திறன் கொண்ட 'ஏ' வகையில் 60, சிறிய 'சி' வகையில் 34, ஆக 94 எஞ்சின்கள். அவற்றின் வயிற்றில் இருந்தது மான்செஸ்டர் நகரத்துக் கிராஸ்லி நிறுவனத்தின் டீசல் இயந்திரம். புகை கக்குவதிலும் பழுதடைவதிலும் அது பெயர் பெற்றது.

அதே கிராஸ்லி இயந்திரத்தைப் பொருத்தி, பிரிட்டனுக்கும் 20 எஞ்சின்கள் 1958, 1959-ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்டன. பிற்காலத்தில் 28-ஆம் வகுப்பு எனப் பெயர் பெற்றவை அவையே. ஒரு முனையில் மூன்று அச்சுகளும் மறுமுனையில் இரண்டு அச்சுகளும் கொண்ட விந்தையான அமைப்பு. லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே 'காண்டர்' என்னும் விரைவுச் சரக்கு வண்டியை இரண்டிரண்டாகச் சேர்ந்து இழுத்தன. இயந்திரம் சோதித்தது போதாதென்று, ஓட்டுநர் அறையின் முன்கண்ணாடிகளும் ஓட்டத்தில் கழன்று தொல்லை தந்தன. 1968-ஆம் ஆண்டு முடிவதற்குள் இருபதும் பணியிலிருந்து நீக்கப்பட்டன. இன்று எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று.

அயர்லாந்தில் நடந்ததோ வேறு. 94 எஞ்சின்களை எறிந்துவிட்டுப் புதியன வாங்க வழியற்ற இரயில்வே, 1968-இல் இரண்டு 'ஏ' எஞ்சின்களின் கிராஸ்லி இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் இயந்திரத்தைப் பொருத்திப் பார்த்தது. உடல் பழையது, உள்ளம் புதியது. சோதனை வெற்றி பெறவே, அடுத்த சில ஆண்டுகளில் மற்றவற்றுக்கும் அவ்வாறே செய்யப்பட்டது. எண்ணின் இறுதியில் 'ஆர்' என்ற எழுத்தும் சேர்ந்தது. 'ஏ' வகையின் கடைசி எஞ்சின்கள் 1995 வரை உழைத்தன. ஒரே குறையோடு பிறந்த இரு பிள்ளைகளுள் ஒன்று பத்தாண்டில் மடிந்தது; மற்றொன்று நாற்பதாண்டு வாழ்ந்தது.

மாதிரி செய்வோருக்கு இவ்வரலாறு வெறும் கதையன்று. ஒரு 'ஏ' எஞ்சினை மேசைமீது வைக்குமுன் அவர் ஆண்டைத் தேர்ந்தாக வேண்டும். 1956 என்றால் அது வெள்ளி நிறத்தில் இருத்தல் வேண்டும். அவ்வெள்ளியும் சில வாரங்களில் எண்ணெயும் புகையும் படிந்து சாம்பல் நிறமாயிற்று. அதன்பின் பச்சை வந்தது. பின்னர்க் கறுப்பு; 1972 முதல் ஆரஞ்சும் கறுப்பும். வெள்ளி எஞ்சினின் பின்னால் ஆரஞ்சுப் பெட்டியைக் கோத்துவிட்டால், கண்காட்சிக்கு வரும் பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெருங்கி வருவார். அவருக்கு விடை சொல்லியாக வேண்டும்.

பெருங்கடின உழைப்பும் பெருமகிழ்ச்சியும் வண்ணம் பூசுவதில்தான் உண்டு எனலாம். பல நாள் பாடுபட்டு மாசற்ற எஞ்சினை உருவாக்கியவர், அதைத் தம் கையாலேயே அழுக்காக்குகிறார்! சக்கரச் சட்டங்களுக்குப் பிரேக் தூளின் செம்பழுப்பு. கூரையில் புகைபோக்கியைச் சுற்றிக் கரி. எண்ணெய் ஊற்றும் வாயின் கீழே மினுமினுக்கும் ஒழுக்கு. நீர்த்த வண்ணத்தைப் பூசி, அது உலருமுன் துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்தெடுக்கிறார். மழை எத்திசையில் வழிந்திருக்குமோ அத்திசையில் கறை நிற்கிறது. இவ்வளவும் பழைய நிழற்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யப்படுகிறது. அப்படம் கறுப்பு வெள்ளையாக இருந்துவிட்டால், அந்தப் பச்சை எந்தப் பச்சை என்பதற்கு ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவரின் நினைவே சாட்சி. அத்தகையோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

தலைப்பில் குறித்த 21 மில்லிமீட்டருக்கு இப்போது வருகிறேன். நம் நாட்டு அகலப்பாதை 5 அடி 6 அங்குலம் என்பதை வாசகர் அறிவர். பிரிட்டனில் அது 4 அடி 8½ அங்குலம். அயர்லாந்தில் 5 அடி 3 அங்குலம். கடையில் விற்கும் 'டபிள் ஓ' தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர் அகலமே உடையது. பிரிட்டிஷ் வண்டிகள் ஒடுக்கமானவையாதலின், அக்காலத்து மின்மோட்டார் உள்ளே அடங்குவதற்காக உடலை மட்டும் சற்றே பெரிதாக்கிவிட்டு, பாதையை அப்படியே விட்டுவிட்டனர். பிரிட்டிஷ் வண்டிக்கு இதனால் மெய்யளவில் 7 அங்குலம் குறைகிறது. அயர்லாந்து வண்டிக்கோ 13½ அங்குலம் குறைகிறது! சரியாகச் செய்வதானால் 21 மில்லிமீட்டர் வேண்டும். அவ்வகலத்தில் பாதை போட விரும்புவோர் சிலீப்பர் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பதித்து, தண்டவாளத்தைக் கையால் பொருத்தி, ஒவ்வொரு வண்டியின் அச்சையும் மாற்றியாக வேண்டும்.

பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு தெரியாது. எஞ்சின் நேரெதிரே வரும்போதுதான் தெரியும். எனவே பலர் 16.5 போதும் என்கின்றனர். அதில் நியாயமும் உண்டு. ஓடாத 21-ஐ விட ஓடும் 16.5 மேலன்றோ? எனினும் என் மனம் 21-க்காரர் பக்கமே சாய்கிறது. எஞ்சின் மான்செஸ்டரினது, புதிய இயந்திரம் அமெரிக்காவினது; அயர்லாந்துக்கே உரியதாய் எஞ்சியது அந்த அகலம் ஒன்றுதான். வேடிக்கை என்னவெனில், அவ்வகலமும் ஒரு சமரசத்தில் பிறந்ததே. தொடக்கத்தில் அங்கே மூன்று கம்பெனிகள் மூன்று அகலங்களில் பாதை போட, அவற்றுக்கிடைப்பட்ட ஓர் அகலமே 1846-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைநாட்டப்பட்டது.

இங்கே ஓர் இடைச்செருகல். இக்கலையில் ஆங்கிலத் திருச்சபைக் குருக்கள் வியத்தகு பங்காற்றியுள்ளனர். பீட்டர் டென்னி என்னும் குரு தமது 'பக்கிங்காம்' மாதிரித் தடத்தைப் பல பத்தாண்டுகள் வளர்த்தார். 'தாமஸ்' எஞ்சின் கதைகளை எழுதிய வில்பர்ட் ஆட்ரியும் மாதிரி இரயில் செய்து கண்காட்சிகளில் ஓட்டியவரே. (பங்குப் பணிக்கு இடையே இவர்களுக்கு நேரம் எங்கிருந்து கிட்டியது என்று நான் பொறாமையோடு எண்ணுவதுண்டு.) 1966-இல் வெளிவந்த நூலொன்றில் ஆட்ரி ஒரு டீசல் எஞ்சினை நல்லவனாகப் படைத்தார். 'போகோ' என்னும் அது, நாம் மேலே கண்ட 28-ஆம் வகுப்பே. இரயில்வே கைவிடத் தொடங்குமுன்பே அதற்குக் குழந்தைகளின் நெஞ்சில் இடம் கிடைத்துவிட்டது.

அயர்லாந்து எஞ்சின்களின் மாதிரி நெடுங்காலம் கடையில் கிடைத்ததில்லை. பிரிட்டிஷ் மாதிரியின் அடிச்சட்டத்தை வாங்கி, அதன்மேல் பித்தளைத் தகட்டாலோ பிசின் வார்ப்பாலோ உடலமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்நூற்றாண்டில்தான் ஆயத்த மாதிரிகள் பெருகின. விலை அதிகம், நம் குடும்பங்களுக்கு எட்டக்கூடியதன்று.

ஆனால் ஆவலுள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால், செலவின்றியே இதன் சுவையை அறியலாம். ஆலன் ரைட் என்பவர் வகுத்த 'இங்கிள்நூக்' என்னும் ஷண்டிங் விளையாட்டு, ஒரு குறுகிய பலகையில் அடங்குவது. மூன்று பக்கப் பாதைகள். ஒன்றில் ஐந்து வாகன்களும் மற்ற இரண்டில் மும்மூன்றும் நிற்கலாம். எஞ்சின் வந்து திரும்பும் பாதையில் எஞ்சினோடு மூன்று வாகன்களுக்கே இடம். மொத்தம் எட்டு வாகன்கள். சீட்டுக் குலுக்கி ஐந்தைத் தேர்ந்து, சீட்டு விழுந்த வரிசையிலேயே அவற்றைக் கோத்து நிறுத்த வேண்டும். வரிசைகள் 6,720. தீப்பெட்டிகளும் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்த கோடுகளும் இதற்குப் போதும். எஞ்சினாக ஒரு அழிப்பானை வைத்துக்கொள்ளலாம்.