வால்வுக்கு இரண்டு பொருத்தம்

‘‘மேட்ச்டு பேர் சார். பாக்ஸ்லயே ஒட்டியிருக்கு பாருங்க’’ என்றார் கடைக்காரர்.

பார்த்தேன். ஒட்டியிருந்தது. இரண்டு டப்பாவிலும் சின்ன வெள்ளை ஸ்டிக்கர். இரண்டிலும் ஒரே எண்: 38. முப்பத்தெட்டு என்ன? வோல்ட்டா, மில்லி ஆம்பியரா, சட்டை சைஸா? கேட்டேன். ‘‘அது கம்பெனி கணக்கு சார்’’ என்றார். ஆறாயிரத்துச் சொச்சத்தை எண்ணி வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இது அந்தக் கடைக்காரரைத் திட்டுகிற கட்டுரை அல்ல. என்னைத் திட்டுகிற கட்டுரை. கூடவே, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களையும்.

வால்வு என்பது தாத்தா வீட்டு ரேடியோவுக்குள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருந்ததே, அந்தக் கண்ணாடிக் குழல். 1947-ல் டிரான்சிஸ்டர் பிறந்ததும் அதற்கு நாள் குறித்துவிட்டார்கள். நம் பெங்களூரு ‘பெல்’ நிறுவனம்கூட 1961-லிருந்து வால்வு செய்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. ஆனால், கிடார் வாசிக்கிறவர்களும் பாட்டுக் கிறுக்கர்களும் விடவில்லை. அவர்களுக்காக ரஷ்யாவிலும் சீனாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் இன்றைக்கும் வால்வு தயாராகிறது. அந்தக் கிறுக்கர்களில் நானும் ஒருவன். நான் வாங்கியது ‘இஎல் 34’ என்கிற ரகம், இரண்டு.

ஏன் இரண்டு? மரம் அறுக்கும் ரம்பத்தை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் இழுக்க, மற்றவர் விட வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் கடைசிக் கட்டத்தில் இரண்டு வால்வும் அப்படித்தான் வேலை செய்கின்றன. பாட்டு ஓடாதபோதும் இரண்டும் கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒரே அளவு இழுத்தால், டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் ஏற்படும் காந்தம் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒருவர் பயில்வான், மற்றவர் நோஞ்சான் என்றால் இரும்பு ஒரு பக்கமாகக் காந்தம் ஏறி நிற்கும். மிருதங்கத்தின் ‘தொம்’ சொத்தையாகக் கேட்கும். அடியில் ஒரு ‘ம்ம்ம்’ முனகல் நிற்கவே நிற்காது.

எனக்கு முதல் நாள் முனகல். மூன்றாம் நாள் ராத்திரி பாட்டுக்கு நடுவே பார்க்கிறேன், ஒரு வால்வின் உள்தகடு அடுப்புக் கரி மாதிரி சிவந்துகொண்டிருக்கிறது. பாய்ந்து போய் அணைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் வால்வோடு டிரான்ஸ்ஃபார்மரும் போயிருக்கும்.

விவரம் தெரிந்தவர்கள் உடனே கேட்பார்கள்: ‘ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியாகத் திருகி சரிசெய்துகொள்ளலாமே?’ செய்யலாம், அந்த வசதி இருக்கிற ஆம்ப்ளிஃபயரில். என்னுடையதில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே திருகுதான்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊர் இது. வால்வுக்கு இரண்டே பொருத்தம்தான். ஒன்று, ஒரே நிலைமையில் வைத்தால் இரண்டும் ஒரே கரண்ட் இழுக்கிறதா? இரண்டு, கிரிடில் 1 வோல்ட்டை மாற்றினால் இரண்டிலும் கரண்ட் ஒரே அளவு மாறுகிறதா? அவ்வளவுதான். இரண்டு வால்வு ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் பிறந்தாலும் ஒன்றுபோல் இருக்காது. உள்ளே கிரிட் கம்பிக்கும் கேதோடுக்கும் உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஒரு துளி பிசகினாலே கணக்கு மாறிவிடும். ஆகவே அளந்துதான் ஜோடி சேர்க்க வேண்டும்.

‘அதைத்தான் கம்பெனி செய்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே’ என்பீர்கள். எத்தனை வோல்ட்டில்? கிரிடில் எவ்வளவு வைத்து? எத்தனை நிமிஷம் சூடாக்கி? இந்த மூன்றும் இல்லாத எண் அளவு அல்ல, அலங்காரம். 100 வோல்ட்டில் சமர்த்தாக ஜோடி சேர்ந்து நிற்கிற இரண்டு வால்வு, 350 வோல்ட்டில் ஆளுக்கொரு திசையில் போகலாம்.

எங்கள் பேட்டையில் ஒரு காலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பெரியவரிடம் போய்ப் புலம்பினேன். ‘‘இதுக்கா தம்பி இவ்வளவு? பத்து ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு போதும். மிச்சமெல்லாம் பயம்தான்’’ என்றார்.

பழைய வால்வு ரேடியோவின் பவர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கொடுத்தார். 250 வோல்ட் ஏ.சி. அதை டையோடு, கெப்பாசிட்டர் போட்டு டி.சி. ஆக்கினால் ஏறக்குறைய 350 வோல்ட். வால்வைச் சூடாக்க அதிலேயே 6.3 வோல்ட் சுற்று இருக்கிறது. கிரிடுக்கு மைனஸ் வோல்ட்டேஜ் கொடுக்கத் தனியாக ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர், ஒரு திருகி. கேதோடிலிருந்து கிரவுண்டுக்கு அந்த 10 ஓம் ரெசிஸ்டர். அதன் மேல் சாதாரண மல்ட்டிமீட்டர். 1 மில்லி ஆம்பியருக்கு 10 மில்லி வோல்ட் காட்டும். மீட்டர் 400 காட்டினால் 40 மில்லி ஆம்பியர். மூன்றாம் வகுப்புக் கணக்கு.

என் அக்கா மகன் எலெக்ட்ரானிக்ஸ் பி.இ. படித்தவன். ‘‘எதுக்கு மாமா ரிஸ்க்? ரிவ்யூ பாத்து வேற பேர் ஆர்டர் பண்ணிடலாம்’’ என்றான். அவனுடைய ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை ரெடிமேடாக வாங்கி, அட்டை மட்டும் மாற்றிக் கொடுத்தவன் அவன். நான்கு வருஷத்தில் ஒரு வால்வை, ஒரு டிரான்சிஸ்டரைத் தன் கையால் அளந்து பார்க்கச் சொல்லி யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. லேப் ரெக்கார்டில் முந்தைய வருஷத்து எண்களை எழுதினால் மார்க் வந்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அளக்காமலே எண் எழுதலாம் என்று கற்றுக்கொடுத்துவிட்டு, ஸ்டிக்கரை நம்பாதே என்று எப்படிச் சொல்வது?

ஆனால் ரிஸ்க் என்றானே, அதில் அவன் சொன்னது முழுக்க நியாயம். 350 வோல்ட் டி.சி. ஆளைக் கொல்லும். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர் அதை வைத்துக்கொண்டு காத்திருக்கும். அதனால் பெரியவர் முதலில் போடச் சொன்னது, கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர். 47 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒரு நிமிஷத்தில் வடிந்துவிடும். வடிந்ததா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை. எல்லாம் மூடிய பெட்டிக்குள். வேலை செய்யும்போது ஒரு கை பாக்கெட்டில். வீட்டில் தனியாக இருக்கும்போது கிட்டேயே போகக் கூடாது. இதெல்லாம் பழகாதவர்கள், பழகியவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். பயப்பட வேண்டியதற்கு ஒழுங்காகப் பயப்படுவதும் படிப்புதான். எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பயந்து ஒதுங்குவது படிப்பில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் பெட்டி தயார். என் ‘மேட்ச்டு பேரை’ ஒவ்வொன்றாகச் செருகி, கால் மணி நேரம் சூடாக்கி அளந்தேன். ஒன்று 52. மற்றது 31.

2000-களில் டேப் ரெக்கார்டர் வாங்கியவர்களுக்கு ‘பி.எம்.பி.ஓ.’ நினைவிருக்கும். ஒரு முழ உயர செட்டின் மேல் ‘1,000 வாட்’ என்று ஜிகினா ஸ்டிக்கர். சுவரிலிருந்து அது எடுத்துக்கொண்டதே சில பத்து வாட்தான். நாம் கேட்டோமா? இன்வெர்ட்டர் பேட்டரியில் ‘150 ஆம்பியர்-அவர்’ என்று போட்டிருக்கிறது. அது பெரும்பாலும் 20 மணி நேரம் நிதானமாக இழுத்தால் கிடைக்கிற கணக்கு. அதாவது ஏழரை ஆம்பியர். இரண்டே மணி நேரத்தில் உறிஞ்சினால் அவ்வளவு வராது. எந்த நிலைமையில் அளந்த எண் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? தக்காளி வாங்கும்போது தராசு முள்ளையே முறைக்கிற நாம், டப்பாவில் அச்சடித்த எண்ணைப் பார்த்ததும் கைகட்டி நிற்கிறோம்.

அளவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘‘யூஸ் பண்ணிட்டீங்களே சார், ரிட்டர்ன் எடுக்க முடியாது’’ என்றார். பிறகு, நிஜமான ஆச்சரியத்தோடு சொன்னார்: ‘‘இத்தனை வருஷத்துல யாருமே அளந்து பாத்துட்டு வந்ததில்ல சார்.’’

யோசித்துப் பாருங்கள். அந்த ஸ்டிக்கர் அவ்வளவு தைரியமாக ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அந்த ஒரு வாக்கியம்தான்.

மனசு கேட்காமல், டப்பா இல்லாமல் மூலையில் கிடந்த எட்டு பழைய வால்வுகளைச் சல்லிசாகக் கொடுத்தார். எட்டையும் அளந்தேன். இரண்டு செத்தவை. நான்கு ஆளுக்கொரு பக்கம். மீதி இரண்டு அண்ணன் தம்பி மாதிரி. கிரிடில் 1 வோல்ட் நகர்த்தினாலும் சேர்ந்தே நகர்ந்தன.

இப்போது பாடிக்கொண்டிருப்பது அந்த ஜோடிதான். முனகல் இல்லை. ஸ்டிக்கர் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்: ‘350 வோல்ட், கிரிட் மைனஸ் 30, சூடு 15 நிமிஷம். 40.5 / 41.’