அரிவாளுக்கு ட்ரோன் வழிகாட்டட்டும்

ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து கயிறு கட்டுகிறார்கள். அதற்குள் நிற்கும் நெல்லை அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுகிறார்கள். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல் போன்ற முக்கியப் பயிருக்கு ஒரு கிராமத்தில் இப்படி அறுவடைப் பரிசோதனை குறைந்தது நான்கு இடங்களில். மொத்தம் 100 சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஊர் முழுவதற்கும் இழப்பீடு உண்டா இல்லையா என்பதை பெரும்பாலும் இந்த இரண்டரை சென்ட்தான் முடிவு செய்கிறது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் நான்கும் மேட்டு வயலாக விழுந்துவிட்டால்? வடிகால் ஓரத்தில் தண்ணீர் தேங்கி அழுகிய பள்ளக்கால் பயிர் கணக்கிலேயே ஏறாது. காவிரிப் படுகையில் இழப்பீட்டுப் பட்டியல் வரும்போது, பக்கத்து ஊருக்கு வந்தது எங்களுக்கு ஏன் வரவில்லை என்று குமுறுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

பல்நிறமாலைக் கேமரா பொருத்திய ட்ரோனுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. செழித்த இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை வாரித் திருப்பி அனுப்பும். பயிர் நலியும்போது இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். செயற்கைக்கோள்கள் 1970களிலிருந்தே இதை அளக்கின்றன. 2023 காரீப் பருவம் முதல் காப்பீட்டுத் திட்டத்தின் நெல், கோதுமை மகசூல் கணக்கில் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 சதவீத இடமும் தரப்பட்டது. ஆனால், சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டர் சதுரம். நான்கு அறுவடைத் துண்டுகளும் அந்த ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும்! ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மேகம் மூடினால் அந்தப் படமும் கிடையாது. ட்ரோனோ மழை விட்ட நேரம் பார்த்து, மேகத்துக்குக் கீழே பறந்து, வரப்பு வரப்பாகப் படம் பிடிக்கும்.

அந்தப் படத்தை வைத்து ஊரின் வயல்களை நன்று, நடுத்தரம், மோசம் எனப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் குலுக்கல் நடத்த வேண்டும். குலுக்கலுக்கு முன்பே வரைபடத்தைக் கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் கணினிக்குள் மட்டும் இருக்கும் படத்தால் விவசாயிக்கு என்ன பயன்?

ட்ரோனைச் சாக்காக வைத்து அறுவடைப் பரிசோதனையையே கைவிட நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பூக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் இலை பச்சைப்பசேலென்று நிற்கும். கதிரை விரலால் நசுக்கினால் பதர். கேமரா அதை நல்ல பயிர் என்றே சொல்லக்கூடும். அறுத்துத் தூற்றினால்தான் உண்மை தெரியும்.

மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 15,000 ட்ரோன்கள் வழங்க, மத்திய அரசு 2023இல் 1,261 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அவை உரமும் மருந்தும் தெளிப்பதற்கானவை. பறக்கவிடப் பயிற்சி பெற்ற அதே பெண்களிடம் ஒன்றியத்துக்கு ஒரு படமெடுக்கும் ட்ரோனையும் ஒப்படைக்கலாம். சம்பா அறுவடை தையில் சூடுபிடிக்கும். மார்கழிக்குள் படம் எடுத்தாக வேண்டும்.